அரசு அச்சிட்டதை யார் காப்பது?

1923ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை அபின் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. அதை அரசிதழில் வெளியிடவில்லை. வேறு எந்த வழியிலும் மக்களுக்கு அறிவிக்கவும் இல்லை. பின்னாளில் அந்தச் சட்டத்தைக் காட்டி ஹர்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951இல் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மக்கள் அறிந்துகொள்ள வழியே இல்லாத ஒரு சட்டத்தால் மக்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்குப் புறம்பானது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டம் படிப்பவர்கள் அரசிதழின் முக்கியத்துவத்துக்கு இந்த வழக்கை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு இது நூலகங்களைப் பற்றிய தீர்ப்பாகவும் படுகிறது. அரசிதழில் வந்துவிட்டால் சட்டத்தின் கணக்கில் அது ஊர் அறிந்த செய்தி. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அரசிதழ் ஒன்று வேண்டுமென்றால் பரமக்குடியிலோ ஓசூரிலோ இருப்பவர் எங்கே போவார்? அச்சிட்டது, வெளியிட்டது என்பதோடு அரசின் கடமை முடிகிறது. அது ஒருவர் கைக்குப் போய்ச் சேர்வது வேறு வேலை. அந்த வேலையை நூலகங்கள் எப்படிச் செய்கின்றன, எங்கே தடுக்கி விழுகின்றன, இணையம் வந்த பிறகு அந்த வேலை யார் கைக்கு மாறியிருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

அரசு வெளியீடு என்றதும் பலருக்கும் தூசு படிந்த அறிக்கைகள்தான் நினைவுக்கு வரும். அதன் விரிவை அறிந்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். மதுரைச் சீமையைப் பற்றி யார் எழுதப் புகுந்தாலும் 1868இல் வெளிவந்த நெல்சனின் மாவட்டக் கையேட்டைத் தொடாமல் நகர முடியாது. அது சென்னை அரசுக்காக எழுதப்பட்ட நூல். தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு முதன்மையான ஆதாரங்களில் ஒன்று, 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி காலாண்டுக்கு ஒருமுறை தயாரித்து அரசிதழின் இணைப்பாக வெளியிட்ட நூற்பட்டியல். எந்த அச்சகம், எத்தனை படி, என்ன விலை என்பதெல்லாம் அதில் உண்டு. குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் முதல் பள்ளிப் பாடநூல்கள் வரை, நூலே அழிந்துபோன பின்னும் அது இருந்ததற்கான சாட்சியாக அந்தப் பட்டியல் நிற்கிறது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அசோக் மித்ரா தலைமையேற்று நடத்தியபோது, தலையெண்ணுவதோடு நிற்காமல் கிராம ஆய்வுகள், கைவினைகள், சந்தைகள், திருவிழாக்கள் என்று விரித்துக்கொண்டே போனார்கள். சென்னை மாநிலத்தில் பி.கே. நம்பியார் பொறுப்பில் மாவட்டவாரியாகக் கோயில்களைத் தொகுத்துத் தனித்தனித் தொகுதிகள் வந்தன. இன்று ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர்களும் கோயில் ஆய்வாளர்களும் அவற்றைத் தேடி அலைகிறார்கள். இவற்றில் எதையும் ஒரு தனியார் பதிப்பகம் போட்டிருக்காது. விற்பனைக்காக எழுதப்படாததாலேயே இவற்றில் இருப்பது வேறு எங்கும் இல்லை.

இவற்றை நூலகத்தில் சேர்ப்பதற்கு நம்மிடம் உள்ள சட்டம் 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம். 1956இல் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. இந்தியாவில் நூல் வெளியிடும் எவரும் வெளியான 30 நாளுக்குள் தம் செலவில் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கு ஒரு படியும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு படியும் அனுப்ப வேண்டும். அரசு வெளியிடும் நூல்களுக்கும் இது பொருந்தும் என்று சட்டமே தனியாகச் சொல்கிறது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் வந்த பருவ இதழ்கள் சட்டம் 2024 மார்ச் முதல் நடப்புக்கு வந்துவிட்டது. நூல்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே நாடு முழுவதற்குமாக, நூல் வந்து சேர்வதற்கு எஞ்சியிருக்கும் பிடிமானம் இந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இந்த ஏற்பாட்டின் பலத்தை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை. நான்கு நகரங்கள், நான்கு கட்டடங்கள், நான்கு நிர்வாகங்கள். ஓரிடத்தில் வெள்ளம் புகுந்தாலும் கரையான் அரித்தாலும் மற்ற மூன்று இருக்கும். அதைவிட முக்கியமாக, ஒரு நூல் அச்சகத்தை விட்டு வெளியேறி நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெற்றுவிட்டால், வெளியிட்ட துறையின் பிடி அதோடு தளர்கிறது. அடுத்த ஆண்டு அந்தத் துறை தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளலாம். போன அறிக்கையில் கொடுத்த கணக்கு இப்போது சங்கடமாக இருக்கலாம். ஆனாலும் கன்னிமாராவின் அடுக்கில் இருக்கும் பக்கத்தை யாரும் திருத்த முடியாது. சொன்னதைச் சொன்னபடி அரசுக்கே நினைவுபடுத்தும் வலிமை குடிமகனுக்கு அங்கிருந்துதான் வருகிறது. அச்சுக் கால நூலக முறையின் குறைகள் எத்தனை இருந்தாலும் இந்த ஒன்றுக்காக அதை நான் உயர்வாகவே மதிப்பேன்.

குறைகளும் அதே சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. நூல் அனுப்பாத வெளியீட்டாளருக்கு அபராதம் 50 ரூபாய் வரை, கூடவே நூலின் விலை. வழக்குத் தொடுப்பதும் எளிதல்ல. மத்திய அரசு அதிகாரமளித்த அலுவலர் புகார் செய்தால்தான் நீதிமன்றம் அதை ஏற்கும். தனியார் பதிப்பகத்தின் மீதே இப்படி ஒரு புகாரைப் பார்ப்பது அரிது. வெளியீட்டாளர் ஓர் அரசுத் துறையாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நூலகரும் அரசு ஊழியர்தான். அவர் நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டியது அவரைவிடப் பல படி மேலே உள்ள செயலருக்கு. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்து அவர் செய்யக்கூடியது மறு கடிதம் எழுதுவது மட்டுமே.

இன்னொரு ஓட்டை பெரியது. அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டுமான நூல்களுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. எது அலுவலகப் பயன்பாட்டுக்கானது என்பதை முடிவு செய்வது வெளியிடும் துறையே. பாதுகாப்புத் தொடர்பான ஆவணங்களுக்கு இந்த விலக்கு நியாயம். புள்ளிவிவரக் கையேட்டின் அட்டையிலும் பயிற்சி நூலின் அட்டையிலும் அதே வாசகம் ஏறும்போது அந்த நியாயம் போய்விடுகிறது. பல துறைகள் தங்களை ஒரு வெளியீட்டாளராகவே நினைத்துக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு அச்சகத்தில் அச்சாவது போக, துறையே வெளியே கொடுத்து அடித்துக்கொள்ளும் அறிக்கைகள் ஏராளம். விழா மேடையில் வெளியிட்டு, வந்தவர்களுக்குக் கொடுத்து, மீதியை ஓர் அறையில் கட்டி வைத்துவிடுவார்கள். நூலகத்துக்கு நான்கு படி அனுப்புவது அந்தப் பிரிவில் எவருடைய வேலைப் பட்டியலிலும் இருப்பதில்லை.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் மீது விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு துறையும் அளிக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு துறையில் எத்தனை பணியிடம், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று ஆண்டுதோறும் அரசே கொடுக்கும் கணக்கு அது. உறுப்பினர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் படி கிடைக்கும். ஒரே ஆண்டின் குறிப்பைப் படிப்பதில் பெரிய பயன் இல்லை. பதினைந்து ஆண்டுகளின் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் ஒரு திட்டம் வளர்ந்த கதையும், பெயர் மாறிய கதையும், சத்தமில்லாமல் மறைந்த கதையும் தெரியும். அண்மைக் கால ஆண்டுகள் இணையத்தில் உள்ளன. அதற்கு முந்தையவற்றை ஒரே இடத்தில் முழு வரிசையாக வைத்திருக்க வேண்டிய நூலகம் அதற்கென ஒரு முயற்சி எடுத்தால் ஒழிய அந்த வரிசை தானாகச் சேராது. பருவ வெளியீடுகளில் ஓர் ஆண்டு விடுபட்டாலும் மொத்த வரிசையின் மதிப்பு குறைகிறது. நூலகத்தில் நாவல் ஒன்று இல்லையென்றால் அந்த நாவல் மட்டும்தான் இல்லை. இங்கே நிலைமை அப்படி அல்ல.

சரி, நூல் வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிப்பது அடுத்த சிக்கல். என் கணிப்பில் நம் நூலகங்கள் அதிகம் தோற்பது இங்கேதான். மேலே சொன்ன கோயில் தொகுதிகளையே பார்க்கலாம். அவற்றின் முறையான பெயர் இந்தியக் கணக்கெடுப்பு 1961, தொகுதி 9, பகுதி 11-டி. கனத்த பைண்டிங், முதுகில் பொன்னெழுத்தில் இந்த எண்கள், அவற்றின் கீழே சிறிதாகச் சென்னை மாநிலக் கோயில்கள் என்ற தலைப்பு. நூலகத்தில் அது கணக்கெடுப்பு என்ற தலைப்பின் கீழ், புள்ளியியல் அடுக்கில் போய் உட்காரும். தன் ஊர்க் கோயிலைப் பற்றித் தேடி வருபவர் சமயப் பிரிவில் தேடுவார், கட்டடக்கலையில் தேடுவார், கல்வெட்டில் தேடுவார். புள்ளியியல் பக்கம் அவர் ஏன் போகப் போகிறார்? பட்டியலில் கோயில் என்ற பொருள் தலைப்பில் ஒரு கூடுதல் பதிவு இருந்தால் அவருக்கு அரை மணி நேரத்தில் நூல் கிடைக்கும். அந்தப் பதிவு இல்லாவிட்டால், அனுபவமுள்ள நூலகர் ஒருவர் அன்று பணியில் இருக்கிறாரா என்பதை நம்பியே காரியம் நடக்கிறது. அவர் ஓய்வு பெறும்போது அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைத் தம் ஐந்து நூலகவியல் விதிகளுள் ஒன்றாகவே வைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 முதல் நூலகராக இருந்து வழி காட்டிய நகரம் சென்னை.

பெயர் மாற்றங்கள் இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகின்றன. நூலகப் பட்டியல் விதிகளில் அரசு வெளியீட்டுக்கு ஆசிரியர் என்பது அதை வெளியிட்ட அமைப்பு. நாட்டின் பெயர் அல்லது மாநிலத்தின் பெயர், அதன் கீழ் துறையின் பெயர் என்று பதிவு ஓடும். 1969 ஜனவரி 14 வரை சென்னை மாநிலம்; அதன் பிறகு தமிழ்நாடு. ஒரே துறை, ஒரே ஆண்டறிக்கை, பட்டியலில் இரண்டு வேறு எழுத்தின் கீழ் பிரிந்து கிடக்கும். வேளாண்மைத் துறை 2021இல் வேளாண்மை – உழவர் நலத் துறை ஆனது. தென்னார்க்காடு 1993இல் விழுப்புரமும் கடலூருமாகப் பிரிந்தது. பழைய பெயரிலிருந்து புதுப் பெயருக்கும் புதியதிலிருந்து பழையதற்கும் பார்க்க-வழிகாட்டிப் பதிவு போட்டால் இந்த முடிச்சு அவிழும். ஒரு நூலகர் தன் நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது. பெரிய செலவும் இல்லை. ஆனால் புது நூல் வாங்கியதைப்போல இதைக் கணக்குக் காட்ட முடியாது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். அதனாலேயே இது தள்ளிப்போகிறது.

அமெரிக்கர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 1890களில் லாஸ் ஏஞ்சலீஸ் பொது நூலகத்தில் வேலை பார்த்த அடிலெய்ட் ஹாஸ் என்ற இளம் நூலகர், அரசு வெளியீடுகளைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல் வெளியிட்ட அமைப்புவாரியாக அடுக்கும் முறை ஒன்றை வகுத்தார். அதன் அடியொற்றி உருவான எண் முறைதான் இன்றும் அங்கே அரசு வெளியீடுகளைப் பெற்றுக் காக்கும் வைப்பு நூலகங்களில் நடப்பில் உள்ளது. வந்த நூலுக்கு உடனே எண் போட்டுவிடலாம். ஒரு துறையின் வரிசை சிதறாமல் ஒன்றாக நிற்கும். ஆனால் துறை கலைந்தாலோ இணைந்தாலோ அங்கும் வரிசை உடையும், வெளியிட்டது எந்த அமைப்பு என்று தெரியாத வாசகருக்கு அடுக்கும் உதவாது. நம் தேசிய நூற்பட்டியல் தொடக்க காலத்தில் பொது நூல்களுக்கு ஒரு பகுதி, அரசு வெளியீடுகளுக்கு ஒரு பகுதி என்று இரண்டாகவே வந்தது. தனித்து வைத்தால் வரிசை காக்கப்படும். கலந்து வைத்தால் எதிர்பாராத வாசகர் கண்ணில் படும். நூல் இருக்கும் இடம் எதுவானாலும் பட்டியலில் பல வாசல் திறந்து வைப்பதே இதற்கு வழி என்பது என் கருத்து. கணினிப் பட்டியல் வந்த பிறகு ஒரு நூலுக்குப் பத்துப் பொருள் தலைப்பு கொடுப்பதற்கும் தடை எதுவும் இல்லை.

படிக்கக் கிடைக்கும் விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசு வெளியீடுகள் பெரும்பாலும் வாசகர் நேரே போய்ப் புரட்டும் அடுக்கில் இருப்பதில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இது தவறென்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்தற்கரிய, தாள் நொறுங்கும் நூல்களை வேறெப்படிக் காப்பது? ஆனால் தலைப்பே தெரியாமல் சீட்டில் எதை எழுதுவது? எழும்பூரில் கன்னிமாராவுக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் இடையே நடந்தே போய்விடலாம். ஆவணக் காப்பகத்தின் நூலகத்திலும் அரசு வெளியீடுகள் ஏராளம். இரண்டிலும் உள்ளதைச் சேர்த்துக் காட்டும் ஒரே பட்டியல் இருந்தால், ஓரிடத்தில் இல்லையென்று திரும்புகிறவர் அடுத்த தெருவில் இருப்பதைத் தெரிந்துகொள்வார். மாவட்ட மைய நூலகங்களில் நிலைமை வேறு மாதிரி. அங்கே வாசிப்பறைகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களில் பலர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். அவர்களுக்கு வேண்டியது கொள்கை விளக்கக் குறிப்பு, பொருளாதார ஆய்வறிக்கை, அரசின் புள்ளிவிவரக் கையேடு. நூலகத்தில் இருக்க வேண்டிய அரசு வெளியீட்டை, பயிற்சி மையங்கள் சுருக்கிப் போட்ட ஜெராக்ஸ் கட்டாக அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி வசூலிக்கும் மாநிலத்தில் இது நடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி இணையத்துக்கு வருவோம். 2015 அக்டோபர் 1 முதல் இந்திய அரசிதழை அச்சிடுவது நின்றது; மின்னணு வடிவில் மட்டுமே வெளிவருகிறது. அதற்கு இடம் தந்தது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. தமிழ்நாடு அரசிதழும் இணையத்தில் கிடைக்கிறது, அரசாணைகளும் துறைவாரியாகக் கிடைக்கின்றன. இந்த மாற்றம் சாமானியருக்குச் செய்த நன்மையை யாரும் குறைத்துப் பேச முடியாது. பெயர் மாற்றம் வெளியான அரசிதழின் படிக்காக ஒருவர் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த காலம் இருந்தது. இன்று கைப்பேசியில் இறக்கிக்கொள்கிறார். ஒரு சங்கத்தின் பொறுப்பாளர் அரசாணை (நிலை) எண்ணும் நாளும் தெரிந்தால் அடுத்த நிமிடம் அதை அதிகாரியின் மேசையில் வைக்கிறார். எந்த நூலகமும் இந்த வேகத்தைக் கொடுத்ததில்லை.

ஆனால் எண்ணும் நாளும் தெரிந்தால்தான். தெரியாவிட்டால் தேடுபெட்டியில் சொல்லைப் போட்டுத் தேட வேண்டும். பழைய தமிழ் அரசாணைகள் பலவற்றில் அது பலிக்காது. சில, கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்த வெறும் படங்கள். இன்னும் சில, ஒருங்குறிக்கு முன்பு அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில் எழுத்துருவில் அடித்தவை. திரையில் பார்த்தால் அழகான தமிழ். ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். கணினிக்கு அது தமிழே இல்லை. முதியோர் ஓய்வூதியம் என்று தேடினால் அந்தச் சொல் பத்து இடத்தில் உள்ள ஆணையும் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய கோப்புகளை மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றி, சரிபார்த்து, பொருள் தலைப்பு கொடுத்து வைப்பது முழுக்க முழுக்க நூலகத் தொழில். அதைச் செய்யும் இடத்தில் இப்போது நூலகர் இல்லை.

வேகத்தைப் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போவது இதுதான்: ஆவணத்தை வெளியிடும் துறையே இப்போது அதைக் காக்கும் ஒரே இடமாகவும் ஆகிவிட்டது. துறையின் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் அறுகின்றன. மத்திய அரசிதழின் முகவரியே மாறியிருக்கிறது. பழைய முகவரியை அடிக்குறிப்பாகக் கொடுத்த ஆய்வேடுகளும் மனுக்களும் என்ன ஆகும்? ஒரு கோப்பை எடுத்துவிட்டு அதே பெயரில் திருத்திய கோப்பை ஏற்றினால், முன்பு என்ன இருந்தது என்று நிரூபிக்க வெளியே ஒரு படி வேண்டும். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, கவனக்குறைவு போதும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே கைகொடுக்காது. அதன் விளக்கத்தில் நூல் என்பது அச்சிட்ட அல்லது கல்லச்சில் எடுத்த தொகுதி, பகுதி, துண்டு வெளியீடு, வரைபடம் என்றெல்லாம் விரிகிறது. இணையத்தில் மட்டுமே பிறக்கும் அறிக்கை அந்த விரிவுக்குள் வரவில்லை. அச்சை நிறுத்திய அன்றே, நான்கு நூலகங்களுக்கும் அதைக் கேட்டு வாங்கச் சட்டத்தின் துணை இல்லாமல் போயிற்று.

பிரிட்டனில் 2013இல் இதற்கு விதி செய்தார்கள். அச்சு நூலைப்போலவே இணையப் பக்கங்களையும் சேகரித்து வைக்கும் உரிமை வைப்பு நூலகங்களுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் அரசு அச்சகமே மின் வெளியீடுகளுக்குப் பொதுக் களஞ்சியம் நடத்துகிறது. சட்டம் 1993லேயே அதற்கு வழி செய்தது. அப்படியும் 2025இன் தொடக்கத்தில் அங்கே அரசுத் தளங்களிலிருந்து பல பக்கங்கள் ஒரேயடியாக எடுக்கப்பட்டபோது, பொதுச் சுகாதாரத் தரவுகளுக்காக ஆய்வாளர்கள் ஓடியது பல்கலைக்கழகங்களும் தன்னார்வலர்களும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த படிகளை நோக்கித்தான். ஒவ்வோர் அதிபர் பதவிக்காலத்தின் முடிவிலும் அரசுத் தளங்களைப் படியெடுத்து வைக்கும் கூட்டுத் திட்டம் ஒன்று 2008 முதல் அங்கே நடக்கிறது. நம்மிடத்திலும் அரசிதழ்களையும் பழைய அறிக்கைகளையும் இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றி வைக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் சட்ட நினைவைத் தனிமனிதர்களின் ஓய்வு நேரத்தை நம்பி விட்டுவைப்பது எந்த வகையிலும் சரியல்ல.

நூலகங்கள் தாமே படியெடுத்து வைக்கலாமே என்றால் உடனே வரும் பதில் காப்புரிமை. அரசு வெளியீட்டுக்கு இந்தியாவில் 60 ஆண்டுக் காப்புரிமை உண்டு என்பது உண்மை. அமெரிக்க மத்திய அரசின் வெளியீடுகளுக்கு அங்கே காப்புரிமையே கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் எழுதி அச்சிட்டதை மக்கள் படியெடுக்க 60 ஆண்டு காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இருக்கிற சட்டமே நூலகங்கள் அஞ்சும் அளவுக்குக் கையைக் கட்டவில்லை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசிதழில் வெளியான விஷயங்களை மறுபடி வெளியிடலாம். சட்டத்தின் உரையை மட்டும் விளக்கக் குறிப்பு இல்லாமல் அப்படியே போட முடியாது. சட்டமன்றத்தில் வைத்த ஆணைய, குழு அறிக்கைகளை, அரசு தடை செய்யாதவரை, வெளியிடலாம். கைவசம் உள்ள அச்சுப் படியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்க இலாப நோக்கற்ற பொது நூலகத்துக்கு 2012 திருத்தம் அனுமதி தருகிறது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை நூலகப் பயனுக்காக மூன்று படி வரை எடுக்கலாம். இத்தனை வாசலும் திறந்திருக்கிறது. மேலிடத்தில் கேட்காமல் செய்தால் வம்பு என்ற தயக்கம்தான் தடை. அந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு பக்க விளக்க ஆணை போதும்.

விசாரணை ஆணைய அறிக்கைகளைத் தனியே சொல்ல வேண்டும். 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அறிக்கை அரசின் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு அது அவையில் வைக்கப்பட வேண்டும். தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு குறித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பதின்மூன்று உயிர்களைப் பற்றிய அறிக்கை அது. ஊடகங்களில் பகுதி பகுதியாக வந்தது; வாட்ஸ்அப்பில் கோப்பாகச் சுற்றியது. சுற்றி வரும் கோப்பில் எல்லாப் பக்கமும் இருக்கின்றனவா, இணைப்புகள் எங்கே என்று பார்க்க நினைப்பவருக்கு, எண் போட்டு முத்திரை குத்திய ஒரு படி தூத்துக்குடி மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அவையில் வைத்த அறிக்கைக்கு இரகசியம் என்று ஏதுமில்லை. அது அந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தமானது.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவில், ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றின் பட்டியல் இருக்கிறது. மக்கள் தகவல் பெறுவதற்கான வசதிகள், நூலகமோ வாசிப்பறையோ பராமரித்தால் அது திறந்திருக்கும் நேரம் ஆகியவையும் அதில் ஓர் இனம். சட்டம் எழுதியவர்கள் நூலகத்தை நினைத்திருக்கிறார்கள். தங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடும் துறைகள் உண்டு. ஒவ்வொரு துறையும் தனக்கு ஒரு வாசிப்பறை கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் பொது நூலகத்தைத் தன் வாசிப்பறையாக அறிவித்து, அங்கே தன் வெளியீடுகளை ஒழுங்காகச் சேர்த்தாலே போதும்.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூல் என்பதன் விளக்கத்தை மின் வெளியீட்டுக்கும் விரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை; அதற்கு நாளாகலாம். மாநில அளவில் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஏற்பாடு இப்படி இருக்கலாம்: துறைகள் மாதந்தோறும் தாம் வெளியிட்டவற்றின் பெயர்ப் பட்டியலையும், அச்சானால் படியையும் அச்சாகாவிட்டால் கோப்பையும் கன்னிமாராவுக்கு அனுப்புவது. கன்னிமாரா அவற்றுக்கு எண்ணும் பொருள் தலைப்பும் கொடுத்து, தன் கணினியில் மாறாத படியாக வைத்து, பட்டியலை மாவட்ட மைய நூலகங்களுக்கு அனுப்புவது. மாவட்ட நூலகம் தன் மாவட்டத்தைத் தொடும் அறிக்கைகளை அச்சிட்டு பைண்டிங் செய்து குறிப்புதவிப் பிரிவில் வைப்பது. பொது நூலக இயக்ககமும் எழுதுபொருள் அச்சுத் துறையும் சேர்ந்து தயாரிக்கும் ஒரு சுற்றறிக்கையால் இதைத் தொடங்க முடியும். கொள்கை விளக்கக் குறிப்புகளை வைத்தே தொடங்கலாம். அடுத்த மானியக் கோரிக்கைக் கூட்டத்தொடரிலேயே எல்லாத் துறைகளின் குறிப்புகளும் ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும்.